பழைய கேம்ப்புக்கு இலையுதிர் காலத்துல திரும்பிப் போறீங்களா: புஷ்கிராஃப்ட் பழகுறவங்களுக்கு முழு வழிகாட்டி

புஷ்கிராஃப்ட்னா காட்டுல கிடைக்கறத வச்சே கூரை கட்டி, தீ மூட்டி, தங்கிப் பழகற கைவேலை. கோடைல ஒரு காட்டுக்குள்ள நல்ல இடமா பாத்து கேம்ப் போட்டு, கம்பு கட்டி, அடுப்பு கூட்டி எல்லாம் செட் பண்ணிட்டு வந்திருப்பீங்க, அதே இடத்துக்கு அக்டோபர் நவம்பர்ல போறப்ப "நமக்குத் தெரிஞ்ச இடம்தானே"ன்னு அசால்ட்டா கிளம்பிடுவாங்க நிறைய பேர். இடம் அதேதான், ஆனா மேல இருந்த இலைக்கூரை போயிருக்கும், கீழ தரை நமுத்திருக்கும், காத்து வர்ற பக்கமே மாறியிருக்கும். என்னைக் கேட்டா ஒவ்வொரு தடவையும் புது இடம் தேடி அலையறத விட, ஒரே இடத்துக்கு வேற வேற சீசன்ல போறதுதான் கையை உண்மையா பழக்கும். கோடைல ஈஸியா பத்துன தீ, ஈரக் காட்டுலயும் பத்துதான்னு பாக்க இதவிட நல்ல டெஸ்ட் கிடையாது. ஓக், பிர்ச், பீச், பைன் மாதிரி மரங்கள் இருக்கற குளிர் நாட்டு காடுகளை மனசுல வச்சு எழுதியிருக்கேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி

முதல் வேலை பெர்மிஷன். கோடைல கேட்டு வாங்குனது இப்பவும் செல்லும்னு நினைக்காதீங்க, நிலத்துக்காரர்கிட்டயோ வனத்துறைகிட்டயோ மறுபடி கேளுங்க, தீ போடலாமான்னு தனியா கேளுங்க. பல இடத்துல இது வேட்டை சீசன், அதனால அந்த ஏரியால துப்பாக்கியோட ஆள் நடமாட்டம் இருக்குமான்னு விசாரிச்சுட்டு, பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல ஒரு தொப்பியோ வெஸ்ட்டோ போட்டுக்கோங்க. காட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்கணும்னு பச்சை ட்ரெஸ் போடற ஆசையெல்லாம் வேற சீசனுக்கு வச்சுக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். செப்டம்பர் 22, 23 வாக்குல பகலும் ராத்திரியும் சமமா வரும், அதுக்கப்புறம் பகல் சுருங்கற வேகம் நாம நினைக்கறத விட அதிகம். 50 டிகிரி அட்சரேகை பக்கம் அந்த சமயத்துல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 4 நிமிஷம் குறையும், ரெண்டு வாரம் கழிச்சுப் போனா ஒரு மணி நேர வேலை கையவிட்டுப் போயிருக்கும். மரத்துக்கு கீழ இன்னும் சீக்கிரமா இருட்டிடும். மதியத்துக்குள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி பிளான் பண்ணுங்க, சாயங்காலம் போய்ப் பாத்துக்கலாம்னா விறகு தேடறது ஹெட்லாம்ப் வெளிச்சத்துலதான்.

துணி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, காட்டன் வேண்டாம். நனைஞ்சா காயவே காயாது, உடம்பு சூட்டை இழுத்துட்டே இருக்கும். உல்லன் இல்லன்னா சிந்தெட்டிக். ஒரு செட் உள்ளாடையும் சாக்ஸும் தூங்கறதுக்குன்னே தண்ணி புகாத பையில தனியா கிடக்கட்டும், பகல்ல என்ன ஆனாலும் அதைத் தொடாதீங்க. ஸ்லீப்பிங் பேக்ல கம்ஃபர்ட்னு ஒரு டெம்பரேச்சர், லிமிட்னு ஒரு டெம்பரேச்சர் போட்டிருப்பான், கம்ஃபர்ட் நம்பரைப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஹைப்போதெர்மியா பத்தி தெரிஞ்சுட்டுப் போங்க. உடம்போட உள் வெப்பம் 35 டிகிரிக்கு கீழ போனா அதுதான், அதுக்கு பனி விழணும்னு அவசியமே இல்ல, 8, 10 டிகிரி குளிர்ல மழைல நனைஞ்சு காத்துல நின்னாலே போதும். கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், ஜிப் போட விரல் மடங்காதது, பேச்சு குழறுறது, கூட வந்தவர் திடீர்னு எதுலயும் இஷ்டமில்லாத மாதிரி ஒதுங்கறது, இதுல எது தெரிஞ்சாலும் பிராக்டிஸ் எல்லாம் அப்படியே நிறுத்திட்டு காஞ்ச துணி, காத்து படாத மறைவு, சூடா இனிப்பா குடிக்க ஏதாவது, இந்த வேலையைத்தான் பாக்கணும். பேச்சு குழற ஆரம்பிச்சுட்டா உதவிக்கு ஆள் கூப்பிடுங்க, அதனாலதான் எங்க போறீங்க எப்ப வருவீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு சொல்றது.

போனதும் பையை இறக்காதீங்க, மேல பாருங்க

பழைய இடம்னா கால் தானா பழைய மூலைக்குப் போய் பையை இறக்கிடும். ஒரு நிமிஷம் நில்லுங்க. தலைக்கு மேல செத்த கிளை எங்கயாவது தொங்குதான்னு பாக்கணும், அதுக்கு இலையுதிர் காலத்துல ஒரு நல்ல அடையாளம் இருக்கு. உயிரோட இருக்கற கிளை தன் இலையைத் தானே கழட்டி விட்டுடும். கோடைல புயல்ல முறிஞ்சு செத்துப்போன கிளைக்கு அதைச் செய்ய முடியாது, அதனால மரம் முழுக்க மொட்டையா நிக்கறப்ப ஒரு கிளைல மட்டும் சுருண்டு போன பழுப்பு இலை கொத்தா ஒட்டிட்டு இருந்தா அதுக்கு கீழ படுக்காதீங்க. பீச்சும் சின்ன ஓக்கும் கீழ்க்கிளைல காஞ்ச இலையை குளிர்காலம் முழுக்க வச்சிருக்கும், அது இயல்பு, அதைப் பாத்து பயப்பட வேண்டாம். மரத்தோட அடியில தட்டுத் தட்டா காளான் முளைச்சிருந்தா வேர் உள்ள மக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், அந்த மரத்தை விட்டும் தள்ளியே இருங்க.

அப்புறம் தரையைப் பாருங்க. மழைத்தண்ணி ஓடுன இடத்துல சருகும் குச்சியும் சின்னச் சின்ன வரப்பு மாதிரி சரிவுக்கு குறுக்க ஒதுங்கி நிக்கும். கோடைல நீங்க படுத்த இடத்து வழியா அந்த வரப்பு போகுதுன்னா அது படுக்கை இல்ல, வாய்க்கால். சும்மா ரெண்டு மீட்டர் தள்ளிப் படுத்தாலே பிரச்சனை தீரும். அதே மாதிரி பள்ளத்துல, ஓடை ஓரத்துல இருந்த கேம்ப் கோடைல ஜில்லுன்னு சுகமா இருந்திருக்கும், குளிர் காத்து கனம் ஜாஸ்தி, ராத்திரி கீழ இறங்கி அங்கயே தேங்கும், விடியறப்ப உறைபனி மொதல்ல விழறது அங்கதான். சரிவுல கொஞ்சம் மேல ஏறிப் போட்டா நல்ல வித்தியாசம் தெரியும். இலை கொட்டுனதால பழைய மறைப்பு போயிருக்கும், காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மறுபடி பாத்துட்டுத்தான் எதையும் கட்டணும்.

இலையுதிர் காலத் தொடக்கத்துல குளவிக் கூடுகள் உச்சத்துல இருக்கும், தரைக்குள்ளயும் கட்டும். உக்காரப் போற இடத்தை அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க, ஒரே ஓட்டைக்குள்ள குளவி போய் வந்துட்டு இருந்தா இடத்தை மாத்திடுங்க.

கோடைல கட்டுன ஷெல்ட்டர் இன்னும் நிக்குதா? சந்தோஷம், ஆனா உள்ள நுழையறதுக்கு முன்னாடி கம்புகள் மண்ணைத் தொடற இடத்துல கத்தி முனையால குத்திப் பாருங்க. மக்கறது அங்கதான் ஆரம்பிக்கும். முனை சுலபமா உள்ள போச்சுன்னா அந்தக் கம்பு உங்க எடையைத் தாங்காது. நடு முகட்டுக் கம்பை ரெண்டு கையாலயும் அழுத்தி லேசா தொங்கிப் பாருங்க. கயிறு ஏதாவது மரத்துலயே விட்டுட்டு வந்திருந்தா அவுத்துடுங்க, மரம் பருக்கப் பருக்க பட்டைய அறுக்கும். பழைய சருகுக் குவியலை அப்படியே தீயில தள்ளவோ காலால மிதிக்கவோ கூடாது, முள்ளெலி மாதிரி குளிர்காலம் முழுக்க தூங்கற ஜீவன்கள் அந்த மாதிரி குவியல்லதான் அடைஞ்சுக்கும். மெதுவா கையுறை போட்டுப் புரட்டுங்க, யாராவது குடியிருந்தா மூடி வச்சுட்டு வேற பக்கம் போயிடுங்க.

ஷெல்ட்டர்: மொதல்ல டார்ப், அப்புறம்தான் விளையாட்டு

பிராக்டிஸ்னு வந்திருந்தாலும் மொதல் மணி நேரத்துல 3க்கு 3 மீட்டர் டார்ப் (தண்ணி புகாத கூரை ஷீட்) ஒண்ணு கட்டி வச்சுடணும். ரெண்டு மரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டற முகட்டுக் கயிறோட ஒரு நுனிக்கு சைபீரியன் முடிச்சு, கையுறையோடயே போடலாம், இழுத்தா அவுந்துடும். மறு நுனிக்கு ட்ரக்கர்ஸ் முடிச்சு, கயிறு நல்லா விறைப்பா நிக்கும். டார்ப் மூலைகளை முகட்டுக் கயித்துல புரூசிக் வளையத்தால (பெரிய கயித்தைச் சுத்திப் போடற சின்னக் கயித்து வளையம், பாரம் இழுத்தா இறுகிப் பிடிச்சுக்கும்) மாட்டுனா தள்ளித் தள்ளி டைட் பண்ணிக்கலாம். நைலான் கயிறு நனைஞ்சா நீளும், தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்துக் கட்டுங்க. டார்ப்புக்கு வெளிய, முகட்டுக் கயித்து மேல ஒரு சின்ன நூல் துண்டைக் கட்டித் தொங்க விடுங்க, மரத்துல இருந்து கயித்து வழியா ஒழுகி வர்ற மழைத்தண்ணி அந்த நூல்ல இறங்கி கீழ சொட்டிடும், தலைக்கு மேல வராது. கோடைல உயரமா காத்தோட்டமா கட்டியிருப்பீங்க, இப்ப தாழ்வா, முதுகு காத்தைப் பாத்த மாதிரி.

படுக்கைதான் முக்கியம், மேல இருந்து போற சூட்டைவிட தரை இழுக்கற சூடுதான் ஆளைக் கொல்லும். ரெண்டு பக்கமும் ஒரு கட்டையை வச்சு நடுவுல சருகைக் கொட்டுங்க, மேல படுத்து அமுக்குனதுக்கு அப்புறமும் ஒரு ஜாண் இருக்கணும். மேல் அடுக்கு ஈரமாத்தான் இருக்கும், பெரிய மரத்தோட மறைவுலயோ விழுந்த மரத்துக்கு அடியிலயோ தேடுனா ஓரளவு காஞ்சது கிடைக்கும். அதுக்கு மேல ஒரு தண்ணி புகாத ஷீட், அப்புறம் மேட்.

முழுக்க சருகாலயே குடில் கட்டிப் பழகணும்னா இதுதான் சரியான சீசன், பொருளுக்குப் பஞ்சமே இல்ல. முகட்டுக் கம்பு, விலா மாதிரி சாய்ச்ச குச்சிகள், அதுக்கு மேல குறைஞ்சது 60 சென்டிமீட்டர் சருகு, உள்ள உங்க உடம்பு மட்டும் நுழையற அளவு இடம். பெருசா கட்டுனா சூடு நிக்காது. ஒரு முழு மதியத்தைச் சாப்பிடற வேலை இது, அதனால பகல்ல கட்டிப் பாருங்க, உள்ள படுத்துப் பாருங்க, ராத்திரிக்கு டார்ப்புக்கு வந்துடுங்க. வீம்புக்கு அங்கயே தூங்கணும்னு ஒண்ணும் கிடையாது.

விறகு, தீ

தீ மூட்டறதுல முக்கால்வாசி வேலை விறகு பொறுக்கறதுதான், பத்தவைக்கறது கடைசி ஸ்டெப். தரையில கிடக்கற கட்டை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிச்சிருக்கும், எடுக்காதீங்க. நின்னுட்டே செத்த மணிக்கட்டு மொத்த சின்ன மரம், மத்த கிளைல சிக்கிட்டு தரையைத் தொடாம நிக்கற கிளை, ஸ்ப்ரூஸ், பைன் மரத்தோட அடிப்பக்கத்துல இருக்கற செத்த குச்சிகள், இதெல்லாம்தான் வேணும். ஒடிச்சா டக்குன்னு சத்தம் வரணும், வளைஞ்சா வேண்டாம். சந்தேகம்னா ஒடிஞ்ச முனையை உதட்டுல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா ஈரம். தீக்குச்சி மொத்தம், பென்சில் மொத்தம், கட்டைவிரல் மொத்தம்னு தனித்தனியா குவிச்சு, டார்ப்புக்கு அடியில வச்சுட்டு, இது போதும்னு தோணறப்ப இன்னொரு மடங்கு எடுங்க.

வெளிய எவ்வளவு நனைஞ்சிருந்தாலும் நின்ன கட்டையோட உள்பக்கம் பெரும்பாலும் காஞ்சுதான் இருக்கும். கணு இல்லாத ஒரு முழம் கட்டையை கத்தி முதுகுல இன்னொரு கட்டையால அடிச்சு நாலாப் பிளந்துக்கோங்க, அந்த உள் துண்டுதான் சுருள்குச்சி சீவறதுக்கு. குச்சியோட ஒரு நுனியை கெட்டியான கட்டை மேல ஊணி, கத்தி பிடிச்ச கையை மடக்காம நீட்டி, கத்தியைக் கிட்டத்தட்ட படுக்க வச்சு, தோள்ல இருந்து எடையைக் கொடுத்து கீழ இறக்குங்க. மணிக்கட்டால சீவுனா சுருள் அறுந்து விழுந்துட்டே இருக்கும். ஒரு சீவல் முடிஞ்சதும் குச்சியைத் துளி திருப்புனா ஒரு விளிம்பு கிடைக்கும், அடுத்த சீவல் அந்த விளிம்புல. முடிவுக்கு ஒரு விரக்கடை இருக்கறப்ப கத்தியை நிறுத்திடணும், சுருள் குச்சியோடயே ஒட்டிட்டு நிக்கும். மொதல்ல வர்றது தடியா இருக்கும், பரவால்ல, அது அடியில கிடந்து எரியும், போகப் போக முடி மாதிரி மெலிசா வர்றதுதான் பொறியைப் பிடிக்கும்.

ஈரத்துலயும் கைவிடாத ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு பிர்ச் பட்டை, அதுல எண்ணெய்ப்பசை உண்டு, நனைஞ்சதைத் துடைச்சுட்டு வச்சாலும் எரியும், விழுந்து கிடக்கற மரத்துல இருந்து மட்டும் உரிங்க. இன்னொண்ணு பைன் மரத்தோட பழைய அடிக்கட்டையிலயும் கிளை சேர்ற மூட்டுலயும் பிசின் ஊறி இறுகுன கட்டை, வெட்டுனா தேன் கலர்ல இருக்கும், மூக்குல டர்பன்டைன் வாசனை ஏறும். அதைக் கத்தி முதுகால சுரண்டி ஒரு சிட்டிகை தூள் சேத்து அதுமேல ஃபெரோ ராட் (சுரண்டியால உரசுனா பொறி தெறிக்கற உலோகக் குச்சி) பொறியைப் போடுங்க. ஃபெரோ ராட்ல இருக்கற உலோகக் கலவையை 1903ல ஆஸ்திரியாவோட கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் பேட்டன்ட் பண்ணாரு, சுமார் 3000 டிகிரி சூட்டுல பொறி தெறிக்கும், நனைஞ்சாலும் வேலை செய்யும். சுரண்டியைத் தள்ளாதீங்க, சுரண்டியை அசையாம பிடிச்சுட்டு ராடைப் பின்னாடி இழுங்க, இல்லன்னா கஷ்டப்பட்டு சேத்த தூளை நீங்களே தட்டி விட்டுடுவீங்க.

தீ போடற இடத்துல சுத்தி ஒரு மீட்டருக்கு மேல சருகை ஒதுக்கி வெறும் மண் தெரியணும். ஒதுக்குன சருகைத் தூக்கிப் போடாதீங்க, போறப்ப திரும்ப மூடறதுக்கு வேணும். ஈர மண் மேல மணிக்கட்டு மொத்தக் கட்டைகளை நெருக்கி அடுக்கி மேடை போட்டு அதுமேல மூட்டுங்க, இல்லன்னா ஈரம் தீயை அமுக்கிடும். கரி மாதிரி கறுப்பா நார் நாரா இருக்கற பீட் மண்ணுல தீயே வேண்டாம், உள்ளுக்குள்ளயே நாள்கணக்குல கனன்னுட்டு இருந்து வேற எங்கயாவது வெளிய வரும். ஓடைல இருந்து எடுத்த கல்லையும் சுத்தி வைக்காதீங்க, உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி கல்லு வெடிக்கும்.

தண்ணியை நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க விடணும், 2000 மீட்டருக்கு மேலன்னா 3 நிமிஷம். சருகு ஊறி டீ கலர்ல இருந்தா பயப்படாதீங்க, அது வெறும் டானின், இலைலயும் பட்டைலயும் இருக்கற துவர்ப்புப் பொருள். ஆனா வயல் மருந்து, கெமிக்கல் கலந்த தண்ணியைக் கொதிக்க வச்சாலும் அது போகாது.

எந்த ஸ்கில் பழகறது

எல்லாத்தையும் ஒரே ட்ரிப்ல பண்ணணும்னு நினைச்சா எதுவும் உருப்படியா வராது. ஒண்ணு, ரெண்டு எடுத்துக்கோங்க.

இந்த சீசன்லயே கஷ்டமானது வில் வச்சுத் தீ கடையறது, அதாவது வில்லோட கயித்தை ஒரு குச்சியில (கடைகோல்) சுத்தி, அதைப் பலகை மேல சுழட்டி கங்கு எடுக்கறது. கட்டைவிரல் நகம் பதியற அளவு மென்மையான செத்த கட்டை வேணும், வில்லோ, லைம் (லிண்டன் மரம், எலுமிச்சை இல்ல), ஹேசல் எல்லாம் நல்லா வரும். அடிப்பலகை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன், கடைகோல் கட்டைவிரல் மொத்தம், ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவு. மொதல்ல குழி கறுக்கற வரைக்கும் கடைஞ்சுட்டு, அப்புறம் பலகை ஓரத்துல இருந்து குழியோட நடுவைப் பாத்து எட்டுல ஒரு பங்கு ஆப்பு மாதிரி வெட்டுங்க. தூள் விழற இடத்துல காஞ்ச பட்டைத் துண்டு ஒண்ணு வைக்கணும், ஈர மண்ணுல நேரா விழுந்தா கங்கு பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துடும். மெதுவா நீளமா இழுத்து ஆரம்பிங்க, புகை நிலையா வந்ததும் வேகமும் அழுத்தமும் சேத்துக் கூட்டுங்க. தூள் வெளிர் பழுப்பா இருந்தா சூடு பத்தல, கறுத்து பொசுபொசுன்னு சேந்தா சரியா போகுது. கடையறதை நிறுத்துன பிறகும் தூள் தானா புகைஞ்சா கங்கு பிறந்தாச்சு, அவசரப்பட்டு ஊதாதீங்க, கையால விசிறுங்க, அது இறுகி செவக்க அரை நிமிஷம் கொடுங்க. ரெண்டு பேரா வில்லை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தா ஈர நாள்லயும் வரும், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.

கங்கைக் காப்பாத்தி வைக்கறது இன்னொரு நல்ல பயிற்சி. செத்த பிர்ச், பீச் மரத்துல குளம்பு வடிவத்துல ஒட்டியிருக்கற டிண்டர் காளானோட உள் சதையைக் காய வச்சா மணிக்கணக்குல கனலும். 1991ல ஆல்ப்ஸ் பனில கிடைச்ச, சுமார் 5300 வருஷம் பழைய, ஓட்ஸின்னு பேர் வச்ச மனுஷ உடலோட இடுப்புப் பையில இதே காளான் இருந்துச்சு, பிர்ச் பட்டைல செஞ்ச டப்பால மேப்பிள் இலைல சுத்தி தணல் கொண்டு போன அடையாளமும் இருந்துச்சு.

கயிறு திரிக்கணும்னா நெட்டில் செடி, தொட்டா அரிச்சு எடுக்குமே அதுதான், இப்ப தண்டு நல்லா முத்தி நார் பலமா இருக்கும். கையுறையோட இலையை உருவிட்டு, கணுக்களை நசுக்கி, தண்டைப் பிளந்து விரிச்சு, நடுவுல ஒடிச்சு உள்தண்டைக் கழட்டுனா நாடா மாதிரி நார் தனியா வரும். பச்சையா திரிச்சா காஞ்சதும் சுருங்கி முறுக்கு லூஸாயிடும், அதனால காய வச்சு, லேசா ஈரம் பண்ணித் திரிங்க. ஒரு புரியை வெளிப்பக்கமா முறுக்கி, மத்தது மேல உள்பக்கமா போடணும், மாத்தி மாத்தி. ரெண்டு புரியும் ஒரே நீளத்துல முடியக்கூடாது, ஒட்டு ஒரே இடத்துல வந்தா அங்கதான் அறும். வில்லோ பட்டைல நார் எடுக்கலாம்னு ட்ரை பண்ணாதீங்க, வசந்தத்துல சாறு ஏறறப்ப வழுக்கிட்டு வர்ற பட்டை இப்ப கட்டையோட ஒட்டிக்கும்.

கத்தி வேலைன்னா கனடாவோட புஷ்கிராஃப்ட் ஆசிரியர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி சொல்லிக் கொடுத்த ட்ரை ஸ்டிக் பண்ணுங்க. ஒரே குச்சியில பாத்திரக் கொக்கி வெட்டு, V வெட்டு, சதுர வெட்டு, கூர் முனைன்னு வரிசையா வெட்டறது. கோடைல செஞ்ச குச்சி இருந்தா பக்கத்துல வச்சுப் பாருங்க.

காட்டுல கிடைக்கறதைச் சாப்பிடறது

காளான்: கூட உண்மையா தெரிஞ்ச ஆள் இல்லாம வேண்டவே வேண்டாம். டெத் கேப் காளானோட விஷம் சமைச்சாலும் போகாது, சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது, நடுவுல சரியான மாதிரி கூட இருக்கும், அதுக்குள்ள கல்லீரல் போயிட்டு இருக்கும். செஸ்ட்நட்ல மேல்தோட்டுல மெல்லிசா நெருக்கமா முள் இருந்தா சாப்பிடறது, தடியா அங்கொண்ணு இங்கொண்ணு இருந்தா ஹார்ஸ் செஸ்ட்நட், அது விஷம். ஓக் கொட்டைல டானின் ஜாஸ்தி, இடிச்சுத் தண்ணி மாத்தி மாத்தி ஊறவச்சுக் கசப்பு போனதும்தான் வாய்ல வைக்கணும், அதுவும் ஒரு ராத்திரி கேம்ப்ல முடியற வேலை இல்ல.

ராத்திரியும் காலைல கிளம்பறதும்

படுக்கறதுக்கு முன்னாடி கொழுப்பா ஏதாவது சாப்பிட்டுட்டு, மெட்டல் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு காலுக்கு வச்சுக்கோங்க. ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள மூஞ்சியை மூடி மூச்சு விடாதீங்க, விடியறதுக்குள்ள உள்ள நமுத்துடும். காலைக்கு வேணும்கற சுள்ளியை ராத்திரியே டார்ப்புக்கு அடியில எடுத்து வச்சுடுங்க.

கிளம்பறப்ப விறகு சாம்பலாகற வரைக்கும் எரிய விட்டு, தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையை வச்சுப் பாத்து சூடே இல்லன்னாதான் நகரணும். ஆறுன சாம்பலைத் தூவி விட்டுட்டு ஒதுக்கி வச்ச சருகை மேல பரப்புங்க. கழிவுக்குத் தோண்டுன குழி 15, 20 சென்டிமீட்டர் ஆழமா, தண்ணில இருந்து 60 மீட்டராவது தள்ளி இருந்திருக்கணும், அதையும் சரியா மூடியிருக்கான்னு பாத்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் டார்ப்பை அன்னைக்கே விரிச்சுக் காயப் போடுங்க, கார்பன் ஸ்டீல் கத்தியைத் துடைச்சு எண்ணெய் தடவுங்க. குளிர் வந்துடுச்சு உண்ணி இருக்காதுன்னு நினைக்காதீங்க, வளந்த உண்ணி இலையுதிர் காலத்துலயும் சுறுசுறுப்பாதான் இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள தேடுங்க. கடிச்சுட்டு இருந்தா மெல்லிசான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, எண்ணெய் ஊத்தறது நெருப்பால சுடறதெல்லாம் வேண்டாம். தேதியை எழுதி வச்சுட்டு, 3 நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள அந்த இடத்துல செவப்பு பரவுனாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போய் உண்ணி கடிச்சதைச் சொல்லுங்க.